பால் பொங்காத இடைவேளை

தம்பி,

உன் கடிதம் மேட்னி ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேன்டீனுக்கு வந்தது. தபால்காரர் வழக்கம்போல ஒரு டீயைக் குடித்து முடித்த பிறகுதான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாய்லர் பக்கத்தில் நின்றபடியே ஒரு தடவை படித்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவுக்காகச் சத்தம் போட்டு இன்னொரு தடவை படித்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். உன் கையெழுத்தோ டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதுகிற எழுத்து. இருந்தாலும் விஷயம் விளங்கிவிட்டது. புதுப் படத்தில் இடைவேளைக்கு முன்னால் வாத்தியம் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய அடியாக அடிக்கச் சொல்கிறார்கள், முதல் படத்தில் செய்த மாதிரி சும்மா விட்டால் வேறு ஆளை வைத்து அந்த இடத்தை நிரப்பிவிடுவோம் என்கிறார் தயாரிப்பாளர், அடுத்த வாரம் படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கிற ரீரெக்கார்டிங் தொடங்குகிறது, அதற்குள் நீ ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். அப்புறம் கடைசியில் ஒரு வரி: "நீங்கள் தியேட்டரிலேயே இருப்பவர், அன்றைக்கு உங்களுக்கே அது சரிப்படவில்லை, அதனால் கேட்கிறேன் அப்பா." இந்த வரியைப் படித்ததும் உன் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பின்னணி இசை ஒன்றும் தேவைப்படவில்லை.

ஆகவே இன்லண்டு லெட்டரில் அடங்காது என்று வெள்ளைத்தாள் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு நடந்தது என்ன என்பதை உனக்கு நான் முழுதாகச் சொன்னதே இல்லை. அன்றைக்கு டிரங்க் காலில், தியேட்டர் மேனேஜர் எதிரே நிற்க, நான் கத்தியதை வைத்து நீ ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாய். தப்பு உன் பேரில் இல்லை. போனைக் காதில் வைத்தாலே எனக்குப் புத்தி பாதிதான் வேலை செய்யும். மீதிப் பாதியும் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை.

மெட்ராஸில் உன் ஆட்களுக்கு நீ சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் முதலில் என் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். எழுமலையில் மானாவாரி நிலத்தை நம்பாமல் மதுரைக்கு வந்து தியேட்டர் கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்தவன் நான். சினிமாவுக்குள்ளேயே இத்தனை வருஷம் இருந்தும் ஒரு படத்தையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. எல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று காதால் கேட்டதுதான். அந்தச் சுவரும் கதவில் தொங்குகிற ஒரு கறுப்புத் துணியும்தான் எனக்கும் சினிமாவுக்கும் நடுவில். வயலின் இழுத்தால் யாரோ சாகிறார்கள், வெளியே யாரும் வர மாட்டார்கள், கிளாஸைக் கழுவலாம். உறுமி மேளம் கேட்டால் சண்டை, அப்போதும் வர மாட்டார்கள். சோகப் பாட்டு ஆரம்பித்தால் பீடிக் கூட்டம் மொத்தமும் வெளியே வந்துவிடும், அப்போதுதான் வியாபாரம். இசையமைப்பாளர் சரியில்லை என்றால் எனக்கு அந்தப் படம் ஓடுகிற வரைக்கும் தீபாவளி. யோசித்துப் பார், சின்னப் பிள்ளையிலிருந்து உனக்குச் சோறு போட்டதெல்லாம் மோசமான பாட்டுகள்தான். அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு இசையமைப்பாளன் பிறந்திருக்கிறான் என்றால் அதை என்னவென்று சொல்வது!

இதில் இடைவேளைதான் முக்கியம். ஆட்டம் நேரத்துக்கு ஆரம்பிக்காது. விளம்பர சிலைடு கூடும் குறையும். ஓடாத படம் என்றால் விநியோகஸ்தர் நடுவில் வெட்டிவிடுவார். ஆகவே கடிகாரத்தை நம்ப முடியாது. நான் நம்பியது உங்கள் ஆட்களை. இடைவேளை நெருங்கும்போது எல்லா இசையமைப்பாளர்களும் ஒரே மாதிரிதான் செய்வார்கள். டிரம் உருள ஆரம்பிக்கும், வயலின்கள் ஒன்றை ஒன்று துரத்தும், டிரம்பெட் எழும்பும். டிரம் உருண்டதும் நான் பால் சட்டியை அடுப்பில் ஏற்றுவேன். கடைசி அடி விழுகிற நேரமும் பால் பொங்குகிற நேரமும் ஒன்றாக இருக்கும். கதவு திறக்கும்போது டீ கிளாஸில் இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்தப் பெருமையில்தான் இருந்தேன்.

உன் முதல் படம் நம் தியேட்டருக்கே வந்தது. படப்பெட்டி வந்து இறங்கிய அன்று நான் ஊரெல்லாம் சுற்றிப் போஸ்டரைப் பார்த்தேன். எல்லா இடத்திலும் "இசை" என்று போட்டிருந்த வரியின் மேலேயே "தினசரி நான்கு காட்சிகள்" சீட்டை ஒட்டி வைத்திருந்தான் போஸ்டர் ஒட்டுகிறவன். பிடித்துக் கேட்டேன். "அண்ணே, எந்தப் படம் வந்தாலும் அந்த எடம்தாண்ணே சும்மா கெடக்கும்" என்றான். "டேய், என் மகன் பேரு இருக்கிற எடம்டா, சும்மா கெடக்குதா?" என்று சத்தம் போட்டேன். பாவம், அவன் பசை வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு சீட்டாக நகத்தால் சுரண்டினான். சீட்டோடு உன் பேரும் சேர்ந்து கிழிந்து வந்துவிட்டது. அதைப் பார்த்து ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

முதல் நாள் காலை ஆட்டம், படத்துக்கே அதுதான் முதல் காட்சி. நல்ல கூட்டம். நம் தெருக்காரர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். நான் இரட்டைப் பங்கு பால் வாங்கி வைத்து, கிளாஸ்களைத் துடைத்து அடுக்கி, அடுப்பைத் தணித்து வைத்துக்கொண்டு டிரம்முக்காகக் காத்திருந்தேன். உள்ளே ஏதோ பஸ் வருகிற சத்தம். ஆட்கள் இறங்குகிற சத்தம். கண்டக்டர் "ரைட்" என்கிறான். பஸ் போகிறது, சத்தம் தேய்ந்துகொண்டே போகிறது. அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. மெஷினில் சவுண்டுக்கென்று எரிகிற பல்பு போயிருக்கும் என்று நினைத்தேன். என் மகன் படத்துக்கா இப்படி ஆக வேண்டும் என்று மாடிப்படி ஏறி ஓடி ஆப்பரேட்டர் காசியின் கதவைத் தட்டினேன்.

"ஏ காசி, சவுண்டு போயிருச்சுடா! என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற?"

"போகலண்ணே. படமே அப்படித்தான்."

"அப்படித்தான்னா?"

"இந்த எடத்துல மியூசிக் இல்லண்ணே."

"இல்லையா? என் மகன்தானடா மியூசிக்கு!"

"அவுகதாண்ணே போடல."

"போடாம இருக்கிறதுக்காடா அவனை மெட்ராஸுக்கு அனுப்பினேன்?"

காசி வாயில் விரலை வைத்துக் காட்டினான். சுவரில் இருக்கிற அந்தச் சின்ன ஓட்டையைக் காட்டி, பாருங்கள் என்று சைகை செய்தான். அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

தம்பி, அன்றைக்குப் பார்த்ததை எழுத எனக்குப் படிப்பு பத்தாது, இருந்தாலும் எழுதுகிறேன். திரையில் ஒரு பொம்பளை டிபன் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் போன ரோட்டில் நடந்து போகிறாள். வர வேண்டிய ஆள் வரவில்லை, அவ்வளவுதான் கதை. அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. இருட்டில் கீழே அத்தனை தலை. நம் தியேட்டரில் சவுண்டு ஒரு நொடி போனால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். விசில், ஊளை, ஆப்பரேட்டருடைய குடும்பத்தையே இழுத்துப் பேசுவார்கள். அன்றைக்கு ஒரு விசில் இல்லை. தலைகள் அசையவில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இத்தனை வருஷமாக அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறேன், அங்கே ஃபேன் சத்தம் போடும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. அங்கே செருப்பு நினைப்பாகவே இருப்பேன்.

அப்புறம் "இடைவேளை" என்று எழுத்து வந்தது, லைட்டைப் போட்டார்கள். அப்போதுதான் எனக்குப் பால் நினைவு வந்தது.

நான் படி இறங்கி ஓடி வருவதற்குள் கூட்டம் கேன்டீன் முன்னால் நிற்கிறது. ஆனால் யாரும் டீ கேட்கவில்லை! அதைத்தான் நான் உன்னிடம் சொல்லவே இல்லை. சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். மூட்டை தூக்குகிற கூட்டத்தில் விசிலுக்கென்றே பேர்போன ஒருவன் உண்டு. என்னை மாமா என்பான். அவன் வந்து, "மாமா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றான். குடித்தான். பக்கத்தில் நின்றவனிடம், "அவன் வருவான்னு நெனைக்கிறயா மாப்ள?" என்றான். "வர மாட்டான்டா" என்றான் அவன். "வந்துருவான்டா. டிபன் கேரியரெல்லாம் எடுத்துட்டு அந்தப் புள்ள வந்துச்சுல்ல." ரெண்டு பேருக்கும் சண்டையே வந்துவிடும் போலிருந்தது. அதற்கப்புறம்தான் ஒவ்வொருவராகச் சுய நினைவுக்கு வந்து டீ கேட்டார்கள். டீ இல்லை. "என்ன மாமா, மகன் மியூசிக்கத்தான் நிப்பாட்டிட்டாருன்னா நீங்க டீயவும் நிப்பாட்டிட்டீகளா?" என்று அவன்தான் ஆரம்பித்தான். கேன்டீனே சிரித்தது. மேனேஜர் வந்து, ஹவுஸ்ஃபுல் ஆட்டத்தில் டீ இல்லையா என்று குதித்தார். சரியாக அந்த நேரம் பார்த்து உன் டிரங்க் கால்.

"எப்படிப்பா இருந்துச்சு?" என்று நீ கேட்டாய். லைனில் ஒரே இரைச்சல். மேனேஜர் என்னை முறைத்துக்கொண்டு நிற்கிறார். நான் சொன்னது என்ன தெரியுமா? "ஏண்டா, இன்டர்வெல்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? பால் வைக்கலடா!" என்றேன். உன் அம்மா இதை இன்னும் மன்னிக்கவில்லை. பெத்த பிள்ளை முதல் படம் முடித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்கிறான், இந்த மனுஷன் பாலைப் பற்றிப் பேசுகிறார் என்று நம் சொந்தம் முழுவதற்கும் சொல்லிவிட்டாள். டி.கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், "வாங்க, பால் வச்சாச்சா?" என்கிறார்கள்.

அவள் மறுநாள் படம் பார்த்தாள். முழுதும் பார்த்துவிட்டு வந்து கிளாஸ் கழுவிக்கொண்டே அழுதாள். நான் சமாதானமாக, "அந்த எடத்துல கொஞ்சம் வயலின் வச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்ல?" என்றேன். கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எழுமலை ஸ்டாப்புல உங்களுக்காகச் சோத்தத் தூக்கிட்டு நின்னனே, அன்னைக்கு எனக்கு யாரு வயலின் வாசிச்சா? என் பிள்ளை சரியாத்தான் வச்சிருக்கான்."

உனக்கு அது நினைவிருக்குமோ என்னவோ. நான் மதுரைக்கு வந்த புதிது. சாயங்கால பஸ்ஸில் வாரேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, கூட்டம் நிறைய வந்ததால் இரண்டாம் ஆட்டத்துக்கும் கடையைத் திறந்துகொண்டு இங்கேயே இருந்துவிட்டேன். எனக்கு வியாபாரம்தான் நினைவிருந்தது. அவள் உன்னையும் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறாள். பஸ் வந்ததாம், ஆட்கள் இறங்கினார்களாம், போய்விட்டதாம். வீட்டுக்கு நடந்து வருகிற வரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசவில்லையாம். அந்தக் காட்சியைக் கதையாக எழுதியவர் யாரோ. அதில் நீ எதையும் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம் இதுதானா என்று உன்னைக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இனிமேலும் கேட்க மாட்டேன். ஆமாம் என்று சொன்னால் நான் எங்கே போய் உட்காருவேன்?

அப்புறம் நீ டி.வி. தொடருக்கு இசை போட்டபோது என்னை மெட்ராஸுக்கு வரச் சொன்னாயே, அந்தக் கூத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ரெக்கார்டிங் நடக்கிற அறைக் கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்தால் மூச்சு விடக்கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்தாய். வெளிச்சமில்லாத அறை, எதிரே திரையில் சத்தமே இல்லாமல் படம் ஓடுகிறது, நீ கையை உயர்த்துகிறாய், அத்தனை வயலினும் ஒரே ஆள் வாசிப்பதுபோல எழும்புகிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கையில் யாரோ கொடுத்த டீ. தொழில் புத்தி எங்கே போகும்? ஒரு வாய் குடித்ததும் "டிகாஷன் பத்தலயே" என்று சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். கேன்டீன்காரனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. வில்கள் எல்லாம் இறங்கின. வயதான வயலின்காரர் ஒருவர் திரும்பி, "யாருங்க இவர்?" என்றார். நான் செத்துப் பிழைத்தேன். நீ கொஞ்சம்கூட யோசிக்காமல், "எங்க அப்பா. மதுரையில தியேட்டர் கேன்டீன் வச்சிருக்காங்க" என்றாய். அவர் தன் டீயை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய், மறுபடி பல்பு எரிந்தது. எங்க அப்பா என்று நீ சொன்ன விதத்தை நான் ரயிலில் ஊர் வந்து சேரும் வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

அங்கேதான் நீ இசையை எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தேன். கோடு கோடாக, எறும்பு ஊர்ந்த மாதிரி புள்ளிகள். ஒரு இடத்தில் எறும்பு இல்லை, ஏதோ சின்னக் கொக்கி மாதிரி மட்டும் இருந்தது. "இங்க என்னப்பா?" என்றேன்.

"அங்க யாரும் வாசிக்க மாட்டாங்கப்பா."

"அப்ப எதுக்கு எழுதணும்? விட்டுற வேண்டியதுதான?"

"எம்புட்டு நேரம் வாசிக்காம இருக்கணும்னு எழுதணும்லப்பா."

பதில் சொல்லிவிட்டு நீ உன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். எனக்குத்தான் அதைத் தாண்டி வர முடியவில்லை. அதுவரைக்கும், தியேட்டரில் அன்றைக்கு நீ ஏதோ போடாமல் விட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த இடம் வந்ததும் அவர்கள் எல்லாரும் வில்லைக் கையில் பிடித்தபடி, உன் விரலையே பார்த்துக்கொண்டு, ஒன்றும் வாசிக்காமல் இருந்தார்கள். அம்புட்டு பேர் சேர்ந்து ஒன்றும் செய்யாமல் இருப்பதை அதற்கு முன்னால் நான் தாலுகா ஆபீஸில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் இது வேறு. கயிறு இழுக்கிறவர்கள் பிடியை விடாமல் நிற்பதுபோல நின்றார்கள். இதையும் ஒருவன் முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்து, அளந்து, எழுதி வைக்க முடியும் என்றும், அப்படி எழுதியவன் என் வீட்டில் பழைய சோறு தின்று வளர்ந்தவன் என்றும் நினைத்தபோது, டீயைப் பற்றிச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். தயாரிப்பாளரை எதிர்த்து நில், படம் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. அங்கே வீட்டு வாடகை கொடுப்பவன் நீ. அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கலாம். இந்தப் படத்தின் அந்த இடம் எப்படிப்பட்டது என்று நான் பார்க்கவில்லை. அடி வேண்டிய இடம் என்று உன் மனசுக்குப் பட்டால் நன்றாகவே அடி, சுவர் அதிரட்டும். ஆனால் என் பேச்சைக் காரணமாக வைத்து அடிக்காதே. நீ கேட்டது தியேட்டரில் என்ன நடந்தது என்று. அதற்குச் சாட்சி நான்தான். விசிலடிக்கிறவன் தண்ணீர் கேட்டான், யாரும் டீ கேட்கவில்லை. இதை அந்தத் தயாரிப்பாளரிடம் போய்ச் சொல். நம்பவில்லை என்றால் மதுரைக்கு அனுப்பி வை, நான் சொல்கிறேன். காசியும் சொல்வான்.

மற்றபடி அப்பன் என்ற முறையில் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. ரீரெக்கார்டிங் நாளில் வெறும் வயிற்றோடு போகாதே. வாசிக்கிறவர்களில் வயதானவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள். கோபம் வந்தால் பேசாமல் வெளியே வந்து நில். சும்மா இருப்பது எப்படி என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த டீக்காரனிடம் தூளைக் கொஞ்சம் கூடப் போடச் சொல்.

இன்னொரு செய்தி. உன் கடிதம் வந்த மறுநாள் நான் மேனேஜரிடம் போய் நின்றேன். ஆப்பரேட்டர் ரூமிலிருந்து கேன்டீனுக்கு ஒரு ஒயர் இழுத்துக்கொள்ளவா என்று கேட்டேன். இடைவேளைக்கு முந்தின ரீல் முடியப்போகிற சமயம் காசி அங்கே ஸ்விட்சைப் போட்டால் எனக்கு இங்கே தெரிய வேண்டும்.

"மணி வச்சுக்கய்யா, அதுதான் சுலபம்" என்றார்.

"மணி அடிச்சா உள்ள கேக்கும் சார்."

"கேட்டா என்னய்யா? அம்புட்டு வாத்தியத்துல இது எங்க கேக்கப்போகுது?"

"வாத்தியம் இருந்தா கேக்காது சார். என் மகன் படம் வந்தா கேக்கும்."

அவர் சரி என்று தலையாட்டினார். காசியே ஒயர் இழுத்துக் கொடுத்தான். பாய்லருக்கு மேலே ஒரு சின்னப் பல்பு, சிவப்புதான். நேற்று முதல் ஆட்டத்துக்கு எரிந்தது. பழக்க தோஷம், அதைப் பார்த்ததும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றுவிட்டேன். உன் அம்மாதான் முதுகில் ஒரு தட்டு தட்டி, "பால வைங்க" என்றாள்.

ஆகவே எனக்கு இனிமேல் நீயோ வேறு யாருமோ டிரம் உருட்டி இடைவேளையைச் சொல்ல வேண்டியதில்லை. உன் புதுப் படம் எப்போது இங்கே வந்தாலும், பல்பு எரிந்ததும் பாலை ஏற்றிவிட்டு, அடுப்பை உன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, இந்தத் தடவை துணியை விலக்கி உள்ளே வந்து சுவரோரமாக நிற்கப்போகிறேன். நீ அங்கே என்ன வைத்திருந்தாலும் கேட்பேன். ஒன்றும் வைக்காவிட்டாலும் கேட்பேன். வாயைத் திறக்க மாட்டேன்.

உன் அப்பா